நாட்காட்டியில் நமது நாட்கள்



எங்கள் அமைப்பு ஆண்டுதோறும் ஒரு மாத நாட்காட்டி அச்சிடுகிறது. தேதிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு வரி. எழுத்தைச் சிறிதாக்கினால் இரண்டு வரி எழுதலாம், அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் யாரை எழுதுவது, யாரை விடுவது என்று முடிவு செய்ய நாங்கள் உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். பல ஆண்டுகளாக டிசம்பர் 25-இன் கட்டத்தில் 'கீழ்வெண்மணி ஈகியர் நாள்' என்று மட்டுமே அச்சிட்டு வந்தோம். ஒருமுறை கல்லூரி விடுதி ஒன்றில் நாட்காட்டியைக் கொடுத்தபோது ஒரு மாணவி பன்னிரண்டு தாள்களையும் நின்ற இடத்திலேயே புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தோழர், வருஷம் பூரா நம்ம ஆளுங்க செத்த நாள்தான் இருக்கு. நாம செஞ்சது ஒண்ணுமே இல்லையா?"

அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலாகவே இந்த உரையை அமைத்திருக்கிறோம்.

நாள் தானாக வருவதில்லை

வரலாற்று நாட்கள் இயற்கையாக அமைந்தவை, நாம் அவற்றை நினைவில் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு நாள் நினைவுநாள் ஆவதற்கு முன்னால் யாரோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மனிதர் தனியாக நினைவு கொள்வதில்லை, தான் சேர்ந்திருக்கும் குழுவின் சட்டகத்துக்குள்தான் நினைவு கொள்கிறார் என்றார் பிரெஞ்சு சமூகவியலாளர் மொரிஸ் ஹால்ப்வாக்ஸ். அந்தச் சட்டகத்தைச் செய்பவர் யார் என்பதே நமது கேள்வி.

பீமா கோரேகானை எடுத்துக்கொள்வோம். 1818 ஜனவரி 1 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பேஷ்வாவின் படையோடு அங்கே மோதியது. கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் கணிசமாக இருந்தனர். பின்னர் வெள்ளையர்கள் அங்கே எழுப்பிய தூண் அவர்களுடைய வெற்றிக்கான தூண்தான். சாதி ஒழிப்பு அவர்கள் நோக்கமல்ல. ஆனால் 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்றார். தூணில் பொறித்திருந்த மகர்களின் பெயர்களை அவர் வேறு விதமாக வாசித்தார். தீண்டாமையைக் கடுமையாக நடத்திய பேஷ்வா ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்கள் நம்மவர்கள் என்று வாசித்தார். நூறாண்டுக்கும் மேலாகப் பேரரசின் கல்லாக நின்றது நமது கல்லானது அந்த வாசிப்பால்தான். இன்று ஆங்கிலப் புத்தாண்டு நாளில் லட்சக்கணக்கானோர் அங்கே திரள்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு எவ்வளவு வலிமை என்பதை, 2018-இல் இருநூறாவது ஆண்டின்போது அங்கே கூடியவர்கள் மீது நடந்த தாக்குதலிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பொருளற்ற ஒரு நாளை யாரும் தாக்க வரமாட்டார்கள்.

இன்னொன்று 1956 அக்டோபர் 14. பௌத்தம் தழுவுவதற்கு அந்த நாளை அண்ணல் தாமே தேர்ந்தெடுத்தார். அந்த ஆண்டு அது விஜயதசமி. அசோகர் பௌத்தம் தழுவியதோடு இணைத்து 'அசோக விஜயதசமி' என்று சொல்லப்படும் நாள். ஆர்.எஸ்.எஸ். தொடங்கப்பட்டதும் 1925-இல் அதே நாக்பூரில், அதே விஜயதசமியில். ஊர் ஒன்று, திதி ஒன்று, நினைவுகள் இரண்டு. இன்றும் தீட்சாபூமியில் பெருங்கூட்டம் விஜயதசமித் திதியில் கூடுகிறது, அக்டோபர் 14 என்ற தேதியிலும் மக்கள் வருகிறார்கள். திதியா தேதியா என்பது பஞ்சாங்கக் கணக்கு மட்டுமல்ல. அவர்கள் திருவிழாவின் மேலேயே நமது நாளை எழுதுவதா, அதிலிருந்து விலகித் தனியாக எழுதுவதா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

ஒரு கட்டம், பல உரிமைகள்

செப்டம்பர் 11-ஐப் பாருங்கள். 1957-இல் அந்த நாளில்தான் தியாகி இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு முதல் நாள் முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்தில் அவர் சமமாக உட்கார்ந்து பேசியிருந்தார். அவருக்கு அப்போது 33 வயது நிறையவில்லை. 2011-இல் அதே தேதியில், அதே பரமக்குடியில், அவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்டவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி உயிர்களைப் பறித்தது. நினைவுநாளே இன்னொரு நினைவுநாளைப் பெற்றெடுத்த கொடுமை அது. அதே செப்டம்பர் 11-ஐ 2021-இல் தமிழ்நாடு அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்தது. பாரதியார் இறந்தது நள்ளிரவு கடந்து, கடிகாரக் கணக்கில் செப்டம்பர் 12. ஆனாலும் 11 என்றே அரசு வைத்துக்கொண்டது. அதில் குற்றம் காண நாங்கள் வரவில்லை. அரசு நினைத்தால் மறுநாள் இறந்தவருக்கும் முந்தைய நாளில் இடம் கிடைக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். பாடசாலைப் பலகையில் அன்று யார் பெயர் எழுதப்படுகிறது, பரமக்குடிச் சாலைகளில் அன்று என்ன தடையாணை போடப்படுகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

ஜூலை 23-உம் அப்படித்தான். 'வரலாற்றில் இன்று' பகுதிகளில் திலகர் பிறந்தார், சந்திரசேகர ஆசாத் பிறந்தார், சுப்பிரமணிய சிவா மறைந்தார் என்று வரும். 1999-இல் அந்த நாளில் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் சென்றவர்கள், தடியடியால் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்ததற்கு அங்கே பெரும்பாலும் இடமிருக்காது.

டிசம்பர் 6 வேறு ஒரு பாடம் சொல்கிறது. 1956-இல் அண்ணல் மறைந்த நாள் அது. 1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் அதே நாள். அதன் பிறகு நமது ஊர்களில் டிசம்பர் 6 என்றாலே ரயில் நிலையத்தில் பையைத் திறந்து காட்டும் நாள் என்றாகிவிட்டது. மும்பை சைத்ய பூமியில் லட்சக்கணக்கானோர் திரள்வது ஓரச் செய்தி, மோப்ப நாய் வருவது தலைப்புச் செய்தி. இங்கே இசுலாமியத் தோழர்களோடு கட்டத்துக்குப் போட்டி போடுவது அறிவீனம். அரசியல் சட்டத்தை எழுதியவர் மறைந்த நாளில்தான் அந்தச் சட்டம் மிதிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே வரியில் எழுதத் தெரிந்தால் கட்டம் போதும்.

டிசம்பர் 25

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணலும் ஆயிரக்கணக்கான நமது மக்களும் இறங்கி நீர் அருந்தினார்கள். பொது நீர்நிலைகளைத் திறந்துவிட பம்பாய் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானித்திருந்தது, மகாடு நகராட்சியும் பின்னர் அதை ஏற்றிருந்தது. ஏட்டில் இருந்த உரிமையைக் கையில் அள்ளிக் குடித்ததற்குக் கிடைத்த பதில் அடி உதை. பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூட இருந்தபோது சாதி இந்துக்கள் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடையாணை வாங்கினார்கள். மாநாட்டுக்கு இடம் தர ஊரில் ஆளில்லை. ஃபத்தேகான் என்ற இசுலாமியர் தமது நிலத்தைக் கொடுத்தார். டிசம்பர் 25 இரவு, குழி வெட்டிச் சந்தனக் கட்டை அடுக்கி, மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணத் தோழர். அன்றைய உரையில் அண்ணல் அந்த மாநாட்டை 1789-இன் பிரெஞ்சு தேசிய சபையோடு ஒப்பிட்டார். குளத்து வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிய 1937 வரை ஆனது.

நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 1968-இல், அதே டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடுதல் நெல் கூலி கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த நிலவுடைமையாளர்கள் தாமே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. வெண்மணி நாளை இத்தனை ஆண்டுகள் விடாமல் காத்தவர்கள் செங்கொடித் தோழர்கள் என்பதை நன்றியோடு சொல்கிறோம். எரிந்தவர்கள் கூலிகள் மட்டுமல்ல, சேரியில் வாழ்ந்த பறையர்கள், பள்ளர்கள் என்பதை உரக்கச் சொல்ல வேண்டியது நமது கடமை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தரப்பு, இனி மகாடு மட்டும் போதும் என்றது. இளைஞர்களுக்குப் பெருமிதம் வேண்டும், அழுகை போதும் என்றது. அந்தத் தரப்பின் வலி எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வெண்மணியை எடுத்துவிட்டால் நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் அளக்கிறார்கள், தீர்ப்பை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்விகளும் அதோடு போய்விடும். வெண்மணியை மட்டும் வைத்தால், நாம் எரிக்கப்பட்டவர்கள் என்று மட்டுமே நமது பிள்ளைகள் அறிவார்கள். நாம் எரித்ததும் உண்டு. நாம் எரித்தது ஒரு நூலை, அவர்கள் எரித்தது உயிர்களை. இந்த வேறுபாடு ஒரே கட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் கண்ணில் படும்.

இதற்கு முன்மாதிரி உண்டு. 1996 டிசம்பர் 25 அன்று மகாராஷ்டிரத்தின் சந்திரபூரில் கூடிய தலித் பெண்கள், அந்த நாளை இந்தியப் பெண் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று முன்வைத்தார்கள். மனு, சாதியை மட்டுமா பூட்டினார்? பெண்ணையும் சேர்த்தே பூட்டினார். அந்த நூல் எரிந்த நாள் எல்லாச் சாதிப் பெண்களுக்கும் உரியது என்றார்கள். அண்ணல் மகாடு மாநாட்டில் பெண்களிடம் தனியே பேசியவர் என்பதால் அது பொருத்தமும்கூட. மத்திய அரசு 2014-இல் வாஜ்பாய் பிறந்தநாள் என்று டிசம்பர் 25-ஐ 'நல்லாட்சி நாள்' ஆக்கியது. சந்திரபூர்ப் பெண்களிடம் அரசாணை இல்லை. ஆனால் காரணம் இருந்தது.

தேதிக்குக் கீழே எழுதும் சொல்

நாளைத் தேர்ந்தால் வேலை பாதிதான் முடிந்தது. அதற்குக் கீழே என்ன சொல் எழுதுகிறோம் என்பது மீதிப் பாதி. வெண்மணியைக் 'கூலித் தகராறு' என்று சுருக்குவோர் இன்றும் உண்டு. தாமிரபரணியைச் 'சம்பவம்' என்பார்கள், ஆற்றில் மூழ்கினார்கள் என்பார்கள். விரட்டியவர் யார் என்று அந்த வினைச்சொல் சொல்லாது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதை 'சாதி மோதல்' என்று எழுதினால், இரு தரப்பும் கத்தி எடுத்ததாகப் பொருள்படும். தேர்தலில் நின்று வென்றதற்காகக் கொன்றார்கள் என்று எழுத இன்னும் மூன்று சொற்கள் வேண்டும். அந்த மூன்று சொற்களுக்கு இடம் ஒதுக்குவதே வரலாறு எழுதுவது.

கட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

எங்கள் பழைய நாட்காட்டிகளை எடுத்து எண்ணினோம். பெண்களின் பெயர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கின. டிசம்பர் 25-க்கு மறுநாளே, 1904-இல், ரங்கூனில் பிறந்தவர் மீனாம்பாள் சிவராஜ். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பை இங்கே வளர்த்த தலைவர்களில் ஒருவர். டிசம்பர் 26-இல் 2004-க்குப் பிறகு ஆழிப்பேரலை மட்டுமே நிற்கிறது. ஜூலை 4-ஐ அமெரிக்காவின் சுதந்திர நாள் என்று நமது பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். 1912-இல் அந்த நாளில் கொச்சிப் பகுதியில் பிறந்து, அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதனை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் குறைக்கு ஆதிக்கச் சாதியினர் மீது பழி போட முடியாது. இது எங்கள் கையால் அச்சிட்ட நாட்காட்டி.

ஆகவே நாங்கள் எங்களுக்குச் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். இழந்த நாளுக்குப் பக்கத்தில் எழுந்த நாளைத் தேடுவது. ஒன்றை வைக்க இன்னொன்றை அழிக்காமல் இருப்பது. கொலையைக் கொலை என்று எழுதுவது. ஒவ்வொரு மாதத்திலும் பெண்களுக்கு இடம் வைப்பது. ஒரு தேதி உறுதிப்படாவிட்டால், கூட்டத்துக்கு வசதி என்று ஒரு தேதியை நாமே கற்பிக்காமல் இருப்பது. பொய்த் தேதி ஒன்று அகப்பட்டால் போதும், உண்மையான பத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஊருக்குப் போகும்போது பாட்டிகளிடம் உட்காருங்கள். கிணற்றில் முதன்முதலாக வாளி விட்டது எந்த ஆண்டு, தேநீர்க் கடையில் தனிக் குவளையை உடைத்தது யார், செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தது எந்தத் திருவிழாவுக்கு அடுத்த வாரம் என்று கேளுங்கள். அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள். பெரிய மழைக்கு முன்னால், உன் அப்பன் பிறந்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த ஆண்டு நாட்காட்டியில் டிசம்பர் 25-இன் கட்டத்தில் இரண்டு வரிகள் வரும்: 1927 மகாடு, 1968 வெண்மணி. எழுத்து சிறிதாகத்தான் இருக்கும். கிட்டே வந்து படியுங்கள்.