கமராவுடன் நிற்கும்போது பொலிஸார் மறித்தால்

வடக்கு, கிழக்கில் போராட்டங்களையும் நினைவேந்தல்களையும் படமெடுப்பவர்களைப் பொலிஸாரும் சிவில் உடையில் வருபவர்களும் மறிப்பது புதிதல்ல. என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர்களை மட்டுமல்ல, கைத்தொலைபேசியில் பதிவுசெய்யும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களையும் மறிக்கிறார்கள். அவ்வேளையில் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

படமெடுக்கலாமா?

பொது இடத்தில் கமரா வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுக்க முடியாது. படைமுகாமோ காவலரணோ சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறித்தவுடன்

தேசிய அடையாள அட்டையைக் காட்டுங்கள். மறித்தவர் சிவில் உடையில் இருந்தால் அவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். பெயர், பொலிஸ் இலக்கம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். "நான் கைது செய்யப்படுகிறேனா, என்ன காரணம்?" என்று அமைதியாகக் கேளுங்கள். பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்ணே சோதனையிட வேண்டும். படங்களை அழிக்கச் சொன்னால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். ஆனால் கைகலப்புக்கு இடம்கொடுக்க வேண்டாம். கடமைக்கு இடையூறு என்று தனி வழக்கே வரக்கூடும்.

கைது செய்தால்

காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இது 72 மணித்தியாலங்கள். தடுப்புக்காவல் உத்தரவு பிறப்பித்தால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆகக்கூடியது 12 மாதங்கள் வரை வைத்திருக்கலாம். அச்சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

வாக்குமூலம்

விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்திட வேண்டாம். விளங்கும் மொழியில் விளக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகலாம். சிங்களத்தில் எழுதியதில் ஒப்பமிட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர்களின் கதைகள் நம் ஊர்களில் ஏராளம்.

வீட்டாருக்கு

2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், காவலில் உள்ளவர் உறவினரையும் சட்டத்தரணியையும் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று உடனே கேட்டு, கைதுக்கான பற்றுச்சீட்டையும் கேளுங்கள். 2009 மே மாதம் வட்டுவாகலில் பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மாரிடம் அதற்கான துண்டுக் கடிதம்கூட இல்லை. எழுத்தில் கேட்டு வாங்குவது ஏன் முக்கியம் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

முறைப்பாடு

அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் இந்தக் கெடுவில் சேராது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. அவசர அழைப்பு எண் 1996.

படமெடுக்கப் போகுமுன் ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டால் அந்தத் தாள்தான் உதவும்.