தொட்டில் ஸ்பிரிங் பிறந்த கதை

ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் பால்வெட்டுக்காரத் தாய்க்கு இரண்டு ஸ்பிரிங்குகள் உதவின. ஒன்று வீட்டு உத்திரத்தில் தொங்கியது. அதன் கீழ்க் கொக்கியில் சேலைத் தொட்டில், தொட்டிலுக்குள் பிள்ளை. மற்றொன்று நிரையில், பால்மரத்தைச் சுற்றிய கம்பியில் இருந்தது. அதன் பிடியில் பால் வடியும் மங்கு. மரம் பருக்கப் பருக்க அந்தச் சிறு சுருள் நீண்டு கொடுத்தது. கம்பி பட்டையை அறுக்கவில்லை, மங்கும் கீழே விழவில்லை.

கடாரத்தின் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுருளின் கிறீச் ஒலி தாலாட்டோடு சேர்ந்தே காதில் விழுந்திருக்கும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. லயங்களில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்குப் போனார்கள். தொட்டில் ஸ்பிரிங்கும் கூடவே போனது. அது எங்கிருந்து வந்தது என்று அறிந்தால்தான், கடையில் அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதும் விளங்கும்.

இந்த மண்ணுக்கு இரும்பு புதிதல்ல. சுங்கை லாலாங்கிலிருந்து வெகு தொலைவில் இல்லாத சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு உலைகளும் காற்றூதும் மண்குழாய்களும் வெளிப்பட்டன. கடாரத்து மக்கள் இரும்பு உருக்கிய இடம் அது. ஆனால் உருக்கிய இரும்பெல்லாம் சுருளாகிவிடாது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கே திரும்பும் எஃகுக் கம்பி வேண்டும். அது எவ்வளவு நீளும் என்ற கணக்கும் வேண்டும்.

அந்தக் கணக்கைத் தந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676இல் தம் விதியை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். 1678இல் புதிரை அவரே அவிழ்த்தார். சுமை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்பதே அதன் சாரம். 1763இல் ட்ரெட்வெல் என்பவர் சுருள் ஸ்பிரிங்குக்கு அங்கே காப்புரிமை பெற்றார்.

தொட்டிலைத் தாங்கும் இழுப்பு ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கி இருக்கும். சுற்றும்போதே கம்பியை முறுக்கி இறுக்குவதால், சுமை ஏறும் முன்பே சுருளுக்குள் ஓர் இழுவிசை இருக்கிறது. அதை மீறினால்தான் சுற்றுகள் விலகத் தொடங்கும். தொட்டிலில் சின்னச் சுமையை வைத்தால் ஸ்பிரிங் அசையாமல் இருப்பது இதனால்தான்.

இதன் பலவீனம் கொக்கியில் இருக்கிறது. சுருளின் உடலில் கம்பி முறுக்கத்தை மட்டும் தாங்குகிறது. கொக்கி வளையும் இடத்தில் வளைவழுத்தமும் சேர்கிறது. பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விழும். கொக்கி அறுந்தால் சுமையைப் பிடிக்க வேறொன்றும் இல்லை. அளவுக்கு மீறி இழுத்தாலும் தடுப்பதற்கு எதுவும் கிடையாது; சுருள் நீண்டுகொண்டே போய், பிறகு சுருங்காமலே நின்றுவிடும்.

இந்தக் குறைக்கான விடை ரயில் பாதையில் பிறந்தது. 1830இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையில் பெட்டிகளைச் சங்கிலியால் கோத்திருந்தார்கள். வண்டி கிளம்பும்போது சங்கிலி திடீரென்று இறுகி, ஒவ்வொரு பெட்டியும் வெடுக்கென்று இழுபடும். அந்த நிறுவனத்தின் ஹென்றி பூத் 1836இல் திருகு இணைப்பையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் கொண்டுவந்தார். பின்னாளில் இழுகொக்கியின் தண்டைப் பெட்டியின் சட்டத்துக்குள் நுழைத்து, உட்பக்கத்தில் அழுந்தும் ஸ்பிரிங் ஒன்றை மாட்டினார்கள். எஞ்சின் கொக்கியை இழுக்கும். உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். இழுப்பு அழுத்தமாக மாறிவிட்டது.

ட்ராபார் ஸ்பிரிங் என்று இன்று விற்பது இதே யோசனையில் இயங்குகிறது. சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விட்ட அழுத்தச் சுருள். அதற்குள் இரண்டு வலுவான கம்பி வளையங்கள். மேல் வளையத்தின் கால்கள் சுருளின் அடியைப் பிடித்திருக்கும். கீழ் வளையத்தின் கால்கள் மேல்முனையைப் பிடித்திருக்கும். இரண்டையும் இழுத்தால் சுருள் அமுங்கும். சுமை மிஞ்சினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிடும். அதற்கு மேல் நீளாது. சுருள் உடைந்தாலும் துண்டுகள் வளையங்களுக்குள் சிக்கி நிற்பதால் சுமை தொப்பென்று விழாது. எடை கூடுதல், நீளும் தூரம் குறைவு. ஆனாலும் ஊஞ்சல் நாற்காலி போல ஆள் தொங்கும் இடத்தில் அதுவே சரி. மூடியை இழுத்து மூடுவதற்கும் நெம்புகோலைத் திருப்பிக் கொண்டுவருவதற்கும் சாதாரண இழுப்பு ஸ்பிரிங் போதும்.

இனி அளவு. ஒரு சுருளின் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. தடிமன் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு. சுருளின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. சுற்றுகள் இரட்டித்தால் பாதி. 4 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியில், சராசரி 40 மில்லிமீட்டர் விட்டத்தில், 60 சுற்றுள்ள ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்ளிறுக்கத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 10 கிலோ சுமைக்கு அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இறங்கும். கம்பி மட்டும் 5 மில்லிமீட்டராக இருந்தால் இறக்கம் 6 சென்டிமீட்டர்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் அது.

அதே 4 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கில் 10 கிலோ பிள்ளை நிமிடத்துக்குச் சுமார் 77 முறை மேலும் கீழும் ஆடும். தாயின் நெஞ்சில் சாய்ந்திருக்கும்போது கேட்கும் துடிப்புக்குக் கிட்டத்தட்ட அந்த வேகம். 4 கிலோ பச்சைக்குழந்தையைப் படுக்கவைத்தால் அதுவே 122 முறையாகி வெடுவெடுக்கும். ஆகவே பிள்ளை வளர வளர ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். அக்காள் பிள்ளைக்கு வாங்கியதைத் தங்கை பிள்ளைக்கு அப்படியே மாட்டுவது சரியல்ல.

இயந்திரத்துக்கு வாங்கினாலும் கேள்விகள் இவைதான். சுமை எவ்வளவு? திடீரென்று ஏற்றிய சுமை, மெல்ல வைத்த சுமையைப்போல இருமடங்கு நீட்டும். அதற்கு இடம் விட்டோமா? ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுபடும்? எந்தக் காற்றில் தொங்கும்? பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றும் ரப்பர் ஸ்டோரில் வெறும் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகு நல்லது. அதன் விறைப்பு சற்றுக் குறைவு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். துரு அரித்த சிறு பள்ளத்திலிருந்தே விரிசல் தொடங்கும்.

எவ்வளவு தாங்கும் என்று கடைக்காரரிடம் எல்லோரும் கேட்கிறோம். அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டாக வேண்டும். பெட்டி வெடுக்கென்று இழுபடக் கூடாது என்பதற்காக ரயிலில் இழுப்பையே அழுத்தமாக மாற்றினார்கள் என்றால், பிள்ளை தூங்கும் இடத்தில் நாம் அதைவிடக் குறைவாக யோசிக்கலாமா?

வீட்டில் தொங்குவது பழைய இழுப்பு ஸ்பிரிங்தான் என்றால் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். கொக்கியின் வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள்; தேய்மானமோ கீறலோ துருவோ தட்டுப்பட்டால் கழற்றிவிடுங்கள். சுமை இல்லாதபோதும் சுற்றுகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. புதிதை மாட்டும்போது சுருளின் நடுவே உறுதியான கயிறு ஒன்றைக் கோத்து, மேலே உத்திரத்திலும் கீழே தொட்டிலிலும் கட்டுங்கள். ஸ்பிரிங் ஆடும் அளவுக்குச் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். தொட்டில் தரைக்குப் பக்கத்தில், கீழே மெத்தையோடு தொங்கட்டும். ஆட்டும் கை மெதுவாக இருக்கட்டும். பிறகு தாலாட்டைத் தொடங்கலாம்.