சர்ச்சிலின் ‘இரண்டாம் உலகப் போர்’

பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய போர்க்கால நினைவு நூல். லண்டனில் 1948 முதல் 1954 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பதவியில் இருந்த தலைவர் தன் காலத்தைத் தானே எழுதினால் அதில் சான்று எவ்வளவு, பிரசாரம் எவ்வளவு என்ற விவாதத்தில் தவறாமல் பேசப்படும் நூல் இது.

போர் முழுதாக முடியுமுன்பே, 1945 ஜூலைத் தேர்தலில் சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சி தோற்றது. பதவி போனாலும் காகிதங்கள் கையில் இருந்தன. பிரதமராக அவர் அனுப்பிய குறிப்புகளும் தந்திகளும் மாதந்தோறும் அச்சிடப்பட்டு வந்தன. அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அரசின் ஒப்புதலோடு வெளியிடவும் அவரால் முடிந்தது. மற்ற வரலாற்றாசிரியர்களுக்கோ ஆவணக் காப்பகம் பல்லாண்டு பூட்டியே கிடந்தது. நூலின் வருமானத்துக்கு வரி குறுக்கே நின்றது: அன்றைய உச்ச வருமான வரி பவுனுக்குப் பத்தொன்பதரை ஷில்லிங், அதாவது 97.5 சதவீதம். அதனால் 1946-இல் ஓர் அறக்கட்டளை அமைத்துக் காகிதங்களை அதன் பெயருக்கு மாற்றினார். அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழும் லண்டனின் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளேடும் நூலைத் தொடராக வெளியிட்டன.

எழுத்து ஒருவருடையது மட்டுமல்ல. வரலாற்றாசிரியர் வில்லியம் டீக்கின், ஜெனரல்கள் இஸ்மே, பவ்னல், கடற்படையின் ஆலன் ஆகியோர் கொண்ட ‘சிண்டிகேட்’ பல பகுதிகளுக்கு வரைவு தயாரித்தது. சர்ச்சில் வாயால் சொல்லச் சொல்லச் செயலாளர்கள் எழுதியெடுத்த பகுதிகளும் உண்டு. அமைச்சரவைச் செயலாளர் நார்மன் புரூக் பிரதிகளைப் படித்துத் திருத்தங்கள் சொன்னார். முகப்பில் ஒருவர் பெயர்தான்; உள்ளே அரசின் கைரேகையும் இருக்கிறது.

ஆவணங்களை அப்படியே தருவது நூலின் பெரிய பலம். ஏமாற்றமும் அங்கேதான். சர்ச்சில் அனுப்பிய குறிப்பு பக்கம் பக்கமாக இருக்கும். அதற்குத் தளபதிகள் எழுதிய பதில் பெரும்பாலும் இருக்காது. கேள்வி கேட்டவரே எல்லாம் முன்கூட்டி அறிந்தவர்போலத் தெரிவார். படைத் தலைமை அதிகாரி ஆலன் புரூக்கின் நாட்குறிப்புப் பகுதிகள் 1957-இல் வெளியானபோதுதான், அந்தக் குறிப்புகளோடு மல்லுக்கட்டியவர்களின் சலிப்பு வெளியே தெரிந்தது.

1940 மே மாதக் கதை இன்னும் தெளிவான உதாரணம். பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது, டன்கர்க்கில் படை சிக்கியிருந்தது. தனியாகப் போரைத் தொடர்வதா என்ற கேள்வி போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை என்று இரண்டாம் தொகுதி சொல்கிறது. 1970-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட அமைச்சரவைக் குறிப்புகள் வேறு கதை சொல்கின்றன. மே 26 முதல் 28 வரை, இத்தாலி வழியாகச் சமாதான நிபந்தனைகளை அறிந்து பார்க்கலாமா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் வற்புறுத்தினார், சர்ச்சில் மறுத்தார். உண்மையை எழுதியிருந்தால் சர்ச்சிலின் பெருமை கூடியிருக்கும் என்பதுதான் வேடிக்கை. ஆனால் நூல் வரும்போது ஹாலிஃபாக்ஸ் உயிரோடு இருந்தார், அதே கட்சியில் இருந்தார். பிரிட்டன் ஒருகணமும் தயங்கவில்லை என்ற சித்திரமும் தேவைப்பட்டது.

எழுதிய காலத்து அரசியலும் பேனாவைப் பிடித்தது. 1951-இல் சர்ச்சில் மீண்டும் பிரதமர். 1953-இல் ஐசன்ஹோவர் அமெரிக்க அதிபர். கடைசித் தொகுதியில் ஐசன்ஹோவரின் போர் முடிவுகள் பற்றிய விமர்சனம் மென்மையாக்கப்பட்டது. ஜெர்மன் சங்கேதச் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்த ‘அல்ட்ரா’ ரகசியம் 1974 வரை வெளிவராததால், அதுவும் நூலில் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்நூல் ஒதுக்கத்தக்கதல்ல. அன்றைய தந்திக்கும் பின்னாளில் எழுதிய கதைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால், சர்ச்சில் எப்படி நினைக்கப்பட விரும்பினார் என்பது கிடைக்கும். அந்த அளவையில் டேவிட் ரெனால்ட்ஸ் 2004-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வரைவுகளைப் படிப்படியாக ஒப்பிட்டு நூல் உருவான விதத்தைக் காட்டுகிறது.

இந்திய வாசகர் தேட வேண்டியது சொல்லாமல் விட்டதை. 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இறந்தனர். தானியத்துக்குக் கப்பல் ஒதுக்க லண்டன் காட்டிய தயக்கம் வைஸ்ராய் வேவலின் நாட்குறிப்பிலும் (1973) இந்தியா அமைச்சர் அமெரியின் நாட்குறிப்பிலும் (1988) பதிவாகியுள்ளது. சர்ச்சிலின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆறு தொகுதிகளில் அந்தப் பஞ்சத்துக்கு ஓர் அத்தியாயமும் இல்லை.