இரண்டு கதவுகள்: முதலீட்டு வங்கியும் 1992ம்

'மூன்றாம் உலகம்' சந்தைக்கு வந்து பேரை மாற்றிக்கொண்டதற்கு ஒரு வருஷம் குறிக்கலாம்: 1981. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்த அன்டோயின் வான் அக்ட்மேல், ஏழை நாடுகளின் பங்குகளை வாங்குவதற்கென்று ஒரு நிதியம் தொடங்கலாம் என நியூயார்க் முதலீட்டாளர்களிடம் போனார். 'மூன்றாம் உலகப் பங்கு நிதியம்' என்று பேர் வைத்திருந்தார். யோசனை சரி, இந்தப் பேரை வைத்துக்கொண்டு விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அவர் யோசித்துக் கண்டுபிடித்ததுதான் 'எமர்ஜிங் மார்க்கெட்'. காலனியத்தை ஞாபகப்படுத்தும் சொல் போய், லாபத்தை ஞாபகப்படுத்தும் சொல் வந்தது.

இந்தச் சொல்லாடல் அரசியலை நம்மில் பலரும் பேசியாச்சு. பேசாமல் விட்டது வேறொன்று. இப்படிப் பேர் மாறிய நாடுகளில், மூலதனத்தின் வாசலில் உட்கார்ந்து வழிவிடுகிற வேலை யாருக்குக் கிடைத்தது? எப்படிக் கிடைத்தது? இந்தியாவை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

இங்கே இந்தத் தொழிலுக்கு முதலில் இருந்த பேர் மெர்ச்சன்ட் பேங்கிங். 1967ல் கிரிண்ட்லேஸ் வங்கி தொடங்கியது. 1970ல் சிட்டி பேங்க், 1972ல் ஸ்டேட் பேங்க், 1973ல் ஐசிஐசிஐ. அதே 1973ல் நிமேஷ் கம்பானியின் ஜே.எம்., 1975ல் ஹேமேந்திர கோத்தாரியின் டி.எஸ்.பி. கோத்தாரியுடையது தலைமுறை தலைமுறையாகப் பம்பாயில் பங்குத் தரகு செய்த குடும்பம்.

அன்றைக்குப் பங்கின் விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை. 1947ம் வருஷச் சட்டப்படி, டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரிதான் தீர்மானித்தார். 1973ன் அந்நியச் செலாவணிச் சட்டம் பெரும்பாலான அந்நியக் கம்பெனிகளைத் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னபோது, அவற்றின் பங்குகள் மலிவு விலையில் இந்தியர்களுக்கு வந்தன. மெர்ச்சன்ட் பேங்கர்களுக்கு அது அறுவடைக் காலம். கோப்பை டெல்லியில் நகர்த்தத் தெரியணும். விற்காமல் மிஞ்சினால் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிற ஆட்களைத் தெரியணும். ஆளைத் தெரிந்திருப்பதுதான் அந்தத் தொழிலின் மூலதனம்.

இனி 1992. மே 29 அன்று ஓர் அவசரச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. விலையை இனிக் கம்பெனியும் அதன் வங்கியாளரும் வைத்துக்கொள்ளலாம். செப்டம்பரில் அந்நிய நிதி நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தை திறந்தது. நவம்பர் 16 அன்று, மண்டல் வழக்கில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1993 செப்டம்பரில் அது மத்திய அரசு வேலைகளில் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை வங்கிகளுக்கும் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணத்தைப் பற்றிய முடிவுகள் பொதுத்துறையை விட்டு வெளியேறத் தொடங்கிய அதே சமயத்தில்தான் பொதுத்துறையின் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. நாம உள்ளே போறதுக்குள்ள பெட்டியை அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. 1991ன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு அதன் காரணங்கள் தனியே உண்டு. ஆனால் சதி இல்லாமலேயே சாதி வேலை செய்யும்.

அந்த வருஷங்களில் நான் அரசுடைமை வங்கி ஒன்றில் கிளார்க். பங்கு விண்ணப்பங்களை வாங்கி, செக்கைச் சேர்த்துப் பின்னடித்து, கட்டுக்கட்டி அனுப்புவது எங்கள் கவுண்டர் வேலை. ரிட்டயரான வாத்தியார்களும் மளிகைக்கடைக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். விண்ணப்பத்தில் 'லீட் மேனேஜர்' என்று ஒரு பேர் அச்சாகியிருக்கும். பரீட்சை எழுதி, இடஒதுக்கீட்டில் வந்த எங்களுக்குத் தாள்களை எண்ணும் வேலை. விலை வைக்கிற வேலை அந்தப் பேருக்கு.

அந்தப் பேருக்குள்ளே போவது எப்படி? பொதுப் பரீட்சை கிடையாது. 1961ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கி வளர்ந்த மேலாண்மைக் கழகங்களின் வளாகத்துக்கே வந்து ஆள் எடுத்தார்கள். 90களின் நடுவிலிருந்து கோல்ட்மேன் சாக்ஸ், மெரில் லிஞ்ச், மார்கன் ஸ்டான்லி எல்லாம் உள்ளூர்க் குடும்ப நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்தன. சம்பளம் எங்கோ போனது. அந்தக் கழகங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு 2008ல்தான் வந்தது. படிப்பில் இடம் கிடைத்தாலும் வேலை தரும் இடத்தில் ஒதுக்கீடு இல்லை. தனியார் துறையில் ஆள் எடுக்கும் அதிகாரிகளைச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேட்டி கண்டு 2007ல் எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் என்றவர்களே 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் சொன்னார்கள். அதே வருஷம் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பேர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பேருக்கும் முஸ்லிம் பேருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. இவை முதலீட்டு வங்கிகளை மட்டும் பார்த்த ஆய்வுகள் அல்ல. ஆனால் பின்னணியே மூலதனமாக இருக்கும் தொழிலில் நிலைமை மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1999ல் இரண்டு அமெரிக்க முன்னாள் நிதியாளர்கள் ஆபிஸ்டைகர் என்ற கம்பெனியை இங்கே தொடங்கினார்கள். வால் ஸ்ட்ரீட் வங்கியாளர் வாடிக்கையாளரைப் பிடிக்கத் தூக்கிக்கொண்டு போகும் 'பிட்ச் புக்'குகளின் அட்டவணைகளையும் படங்களையும் நம்ம ஊர்ப் பட்டதாரிகள் அண்ணா சாலையில் உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள். 2006ல் கம்பெனி 25 கோடி டாலருக்குக் கைமாறியது. நமக்குத் திறந்தது அந்தப் பின்கட்டுதான்.

முன்வாசல் வழியே போனவர்களுக்கு அந்த வேலை வெறும் முதல் படி. அங்கிருந்து தனியார் பங்கு நிதியம், பெருங்கம்பெனியின் நிதித் தலைமை, சொந்தக் கம்பெனி. ஐசிஐசிஐ வென்ச்சரை நடத்திய ரேணுகா ராம்நாத் 2009ல் தன் சொந்த நிதியத்தைத் தொடங்கினார். கோடக்கின் முதலீட்டு வங்கியை நடத்திய ஃபல்குனி நாயர் 2012ல் நைக்காவைத் தொடங்கி 2021ல் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெண்கள் இவ்வளவு தூரம் வந்தது சின்ன விஷயமில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் பாதை போய்ச் சேரும் உச்சியையும் பார்க்கணும். முன்னணி 1000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012ல் வந்த கட்டுரை, ஏறக்குறைய 93 சதவீதம் பேர் உயர்சாதியினர் என்றது.

இது யாரோ பணக்காரர்களின் வேலைவாய்ப்புப் பிரச்சினை, நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். பால்கோ 2001ல் விற்கப்பட்டது. வி.எஸ்.என்.எல். 2002ல். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனது. இப்படி விற்பதற்கு மதிப்புப் போட்டு வழிசொல்ல அரசு ஆலோசகர்களை அமர்த்துகிறது. அவர்கள் இந்தத் தொழிலிலிருந்து வருகிறவர்கள். அரசின் பங்கு பாதிக்குக் கீழே போனால் அங்கே இடஒதுக்கீடும் போகும். ஆக, இடஒதுக்கீடே இல்லாத அறையில் உட்கார்ந்துதான் இடஒதுக்கீடு உள்ள நிறுவனத்துக்கு விலை குறிக்கிறார்கள்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று பொதுவாகக் கோஷம் போடுகிறோம். போடணும். அதற்கு முன்பே கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. இந்த விற்பனைகளில் அரசுதான் வாடிக்கையாளர். கூலி நம் பணம். எங்கள் சொத்துக்கு விலை போட வருகிற உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எந்தெந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்கள் என்ற கணக்கை முதலில் வெளியிடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.