வன்னியில் இருந்து வாடகை வீட்டுக்கு: ரொறன்ரோவில் அறை தேடுவோர் அறிய வேண்டியவை

கடந்த வருடம் என் தம்பி கிளிநொச்சியில் இருந்து கனடாவுக்குப் படிக்கப் போனான். விமானம் ஏறுவதற்குப் பத்து நாட்களுக்கு முன் சந்தோசமாக வந்து சொன்னான்: "அக்கா, ஸ்காபரோவில அறை சரி. கீயை வந்தவுடன தருவினமாம். இரண்டு மாதக் காசு மட்டும் இப்பவே கட்டட்டாம்."

மாதம் 800 டொலர். இரண்டு மாதத்துக்கு 1,600. எங்கள் கணக்கில் அது மூன்றரை இலட்சம் ரூபாய்க்குக் கிட்ட. அம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போனது. அங்கிருக்கும் உறவினர் ஒருவர் மூலம் காசும் போய்ச் சேர்ந்தது. தம்பி ரொறன்ரோவில் இறங்கி அந்த முகவரிக்குப் போனபோது கதவைத் திறந்தவர், தான் அந்த வீட்டை வாடகைக்கு விடவே இல்லை என்றார். விளம்பரத்தில் இருந்த படங்கள், அந்த வீடு முன்பு விற்பனைக்கு வந்தபோது எடுத்தவை. காசு வாங்கிய தொலைபேசி இலக்கம் அன்று இரவே வேலை செய்யவில்லை.

இது அவனுக்கு மட்டும் நடந்ததல்ல என்பது விசாரித்தபோது தெரிந்தது. வன்னியில் எங்களுக்கு வாடகை என்பது பழக்கமில்லாத விடயம். இடம்பெயர்ந்தபோது உறவினர் வளவில் இருந்தோம், பள்ளிக்கூடத்தில் இருந்தோம், தறப்பாளுக்குக் கீழே இருந்தோம், மெனிக்பாமில் இருந்தோம். திரும்பி வந்த பிறகு வீட்டுத்திட்ட வீடு கட்டினோம். ஒப்பந்தம் எழுதி, முற்பணம் கட்டி, அந்நியர் வீட்டில் இருந்து பழகியவர்கள் எங்களில் மிகக் குறைவு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாடு போவது கூடியிருக்கிறது. ஆகவே தம்பியின் காசு போன பிறகு நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தை மையமாக வைத்தே எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் விதிகள் மாறும்.

பார்க்காத வீட்டுக்குக் காசு கட்ட வேண்டாம்

முதல் விதியும் முக்கியமான விதியும் இதுதான். நீங்களோ நீங்கள் நம்பும் ஒருவரோ வீட்டுக்குள் நேரில் போய்ப் பார்க்கும் வரை ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். "நான் இப்ப வெளிநாட்டில நிக்கிறன், திறப்பைக் கூரியரில அனுப்புறன்" என்று சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். "இன்னும் நாலு பேர் கேக்கினம், இண்டைக்கே கட்டுங்கோ" என்ற அவசரமும் அதே வகைதான். அக்கம்பக்க வாடகையை விட மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விளம்பரப் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினால், அதே படம் வேறு இடத்தில் வேறு விலையில் வந்திருப்பது பல தடவை தெரிந்துவிடும்.

கனடாவில் வங்கியில் இருந்து மின்னஞ்சல் மூலம் காசு அனுப்பும் முறை எல்லோரிடமும் இருக்கிறது. வசதியானதுதான். ஆனால் மற்றவர் அதைப் பெற்றுக்கொண்ட பிறகு திருப்பி எடுப்பது மிகக் கடினம். உண்டியல் மூலம் போன காசுக்குப் பற்றுச்சீட்டே இராது.

இங்கிருந்து போகிறவருக்கு நல்ல வழி, முதல் இரண்டு மூன்று கிழமைக்கு உறவினர் வீட்டிலோ கல்லூரி விடுதியிலோ தற்காலிகமாகத் தங்கி, பிறகு நேரில் பார்த்து அறை எடுப்பது. உறவினருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று கூச்சப்பட்டுத்தான் தம்பி அந்த 1,600 டொலரை இழந்தான்.

எவ்வளவு முற்பணம் கேட்கலாம்?

ஒன்ராறியோவில் வாடகைக் குடியிருப்புச் சட்டம் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி முதல் மாத வாடகையோடு, முற்பணமாக ஒரு மாத வாடகை வரைதான் கேட்கலாம். அந்த முற்பணம் நீங்கள் கடைசியாக இருக்கும் மாதத்தின் வாடகைக்குக் கழிய வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அதற்கு வட்டியும் தர வேண்டும். "வீடு பழுதானால் பிடிப்பதற்கு" என்று தனியாகக் காசு வாங்குவது சட்டவிரோதம். திறப்புக்கு வாங்கலாம், ஆனால் புதுத் திறப்பு வெட்டும் செலவுக்கு மேல் வாங்க முடியாது, திரும்பவும் தர வேண்டும். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்த முடியாது.

காசாகக் கொடுத்தால் அன்றே பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

குசினி யாருடையது?

எங்கள் பெடியள் அநேகமாக முதலில் போய் இருப்பது தமிழ் வீடொன்றின் பேஸ்மென்ற்றில். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. குசினியும் குளியலறையும் யாரோடு பொது என்பதே.

வீட்டு உரிமையாளரோடோ அவரது துணை, பிள்ளை, பெற்றோரோடோ குசினியை அல்லது குளியலறையைப் பகிர வேண்டும் என்பது ஏற்பாடாக இருந்து, உரிமையாளர் குடும்பமும் அதே கட்டடத்தில் இருந்தால், மேலே சொன்ன சட்டம் உங்களைப் பாதுகாக்காது. அறிவித்தல் காலம், வாடகை உயர்வுக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது. "நாளைக்கு எழும்புங்கோ" என்றால் வாடகைச் சபையிடம் போக முடியாது. பேஸ்மென்ற்றில் தனிக் குசினி, தனிக் குளியலறை இருந்தால், அல்லது அவற்றை மற்ற வாடகைக்காரரோடு மட்டும் பகிர்ந்தால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்.

பகிர்ந்த குசினி உள்ள வீடு கூடாது என்று சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் பலர் அப்படித்தான் எங்கள் பிள்ளைகளைத் தாங்குகிறார்கள். ஆனால் அப்படியான வீட்டில், எத்தனை நாள் முன்னறிவித்தல், முற்பணம் எப்போது திரும்பும் என்பவற்றை வட்ஸ்அப்பில் என்றாலும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள்.

பேஸ்மென்ற்றில் இன்னும் இரண்டைப் பாருங்கள். படுக்கும் இடத்தில் ஆள் வெளியேறக்கூடிய அளவு யன்னல் இருக்கிறதா? புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் கருவியும் வேலை செய்கின்றனவா? குளிர்காலத்தில் இவை உயிர்க் கணக்கு.

கடன் வரலாறு இல்லையே?

வீட்டுக்காரர் வேலைக் கடிதம், வருமானம், கடன் வரலாறு, முன்னைய வீட்டுக்காரரின் சிபாரிசு ஆகியவற்றைக் கேட்கலாம். புதிதாய்ப் போனவரிடம் இவை இராது. கடன் வரலாறு இல்லாததைக் கெட்ட கடன் வரலாறாக எடுக்கக் கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் நிலைப்பாடு. இருந்தாலும் கையில் ஆதாரம் இருப்பது நல்லது: கல்லூரி அனுமதிக் கடிதம், வங்கிக் கூற்று, பொறுப்பு நிற்க ஒருவர். இனம், பிறந்த நாடு, மதம், பிள்ளைகள் இருப்பது போன்ற காரணங்களுக்காக வீடு மறுப்பது மனித உரிமைச் சட்டப்படி தவறு.

ஒப்பந்தமும் எழுப்புதலும்

2018 ஏப்ரல் 30இல் இருந்து அநேகமான தனியார் வாடகைகளுக்கு மாகாண அரசின் நியம ஒப்பந்தப் படிவம் கட்டாயம். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 21 நாட்களுக்குள் தர வேண்டும்.

ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தால் வெளியேற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது தானாகவே மாதாந்த வாடகையாகத் தொடரும். வாடகையை 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், 90 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2025இல் உச்ச அளவு 2.5 வீதம், 2026இல் 2.1 வீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருப்பாகப் பயன்பட்ட வீடுகளுக்கு இந்த உச்ச வரம்பு இல்லை. புதிதாகக் கட்டிய பேஸ்மென்ற்றும் அதில் அடங்கலாம். கேட்டறியுங்கள்.

வீட்டுக்காரர் தன் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்றால் குறைந்தது 60 நாள் அறிவித்தலும் பொதுவாக ஒரு மாத வாடகை நட்டஈடும் தர வேண்டும். நீங்கள் வெளியேறுவதென்றாலும் மாத வாடகையில் 60 நாள் எழுத்து அறிவித்தல் அவசியம். அறிவித்தல் வந்தவுடன் சாமான் கட்ட வேண்டாம். வாடகைச் சபையின் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்றவோ பூட்டை மாற்றவோ முடியாது. சிக்கல் வந்தால் 211 இலக்கத்துக்கு அழைத்து, அருகில் உள்ள இலவசச் சட்ட உதவி நிலையத்தைக் கேளுங்கள்.

லண்டன் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் விதி வேறு. வீட்டுக்காரர் உங்கள் விசா நிலையைச் சரிபார்க்கச் சட்டம் சொல்கிறது, அதனால் அந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம். பொதுவான வாடகைகளில் வைப்புப் பணம் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் போகக் கூடாது. தனி வீடோ அறையோ வழமையான ஒப்பந்தத்தில் எடுத்தால், அந்தப் பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் இட்டு, விபரத்தை உங்களுக்குத் தர வேண்டும். வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் இருந்தால் அங்கேயும் பாதுகாப்புக் குறைவு.

கடதாசியின் பெறுமதி

கடதாசியின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல. 2017இல் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன் ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் இருந்துதான் தங்கள் காணிக்குள் திரும்பக் கால் வைத்தார்கள். ஷொப்பிங் பையில் சுற்றிய காணி அனுமதிப்பத்திரத்தோடு இடம்பெயர்ந்த அம்மாக்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் அம்மாவும் ஒருத்தி. ஆனால் மகனின் வாடகைக்கு ஒரு கடதாசி கேட்க வேண்டும் என்று அவருக்கோ எனக்கோ தோன்றவில்லை.

தம்பி இப்போது இன்னொரு வீட்டில், இரண்டு பெடியளோடு இருக்கிறான். ஒப்பந்தம் கையில் இருக்கிறது, ஒவ்வொரு மாதப் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். காப்பு இன்னும் அடகில்தான். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை புறப்படுகிறதென்றால், பெட்டி அடுக்கும்போது இதையும் ஒரு தடவை வாசிக்கக் கொடுங்கள்.