பெயர் பொறித்த கல்லும் எண் பொறித்த கல்லும்

அகத்தியமலைச் சரிவில் பிறக்கும் நெய்யாறு, அம்பூரிக்கு அருகே அணையில் தேங்கி, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாற்றில் கடலைச் சேர்கிறது. இன்று இரு மாநிலங்களின் எல்லையோரமாக அறியப்படும் இந்நிலம், பாண்டியரும் ஆய் மன்னரும் சேரரும் மாறிமாறிப் பொருத களமாக இருந்தது. அதன் கடல்முகம் விழிஞம். பராந்தக நெடுஞ்சடையனின் 17ஆம் ஆட்சியாண்டில் வெளியான சீவரமங்கலச் செப்பேடு, அவன் விழிஞத்தை அழித்ததையும், வேணாட்டு அரசனை வென்றதையும், யானைகளையும் குதிரைகளையும் பொருட்குவையையும் கவர்ந்ததையும் விரிவாகப் பாடுகிறது. அந்தப் போரில் மடிந்த வீரர் எவரும் அதில் இடம்பெறவில்லை. மெய்க்கீர்த்தியின் இயல்பு அது; அரசனின் வாள் மட்டுமே அங்கே வினைப்படும்.

ஆயினும் அதே நிலப்பகுதியின் போர்களைப் பற்றி வேறொரு சான்றும் உண்டு. மாறஞ்சடையனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, திருவனந்தபுரம் அருங்காட்சியகக் கல்வெட்டு என ஆய்வுலகில் அறியப்படுவது. சேரமானார் படையோடு கரைக்கோட்டையில் நிகழ்ந்த சண்டையில் இரணகீர்த்தி என்னும் சேவகன் பொருது பட்டான் என்பதே அதன் செய்தி. மாறஞ்சடையன் என்பவனைப் பராந்தக நெடுஞ்சடையனாகவே பலரும் கொள்வர். அவ்வாறு கொண்டால் இரு ஆவணங்களுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளிதான். செப்பேடு வெற்றியைச் சொல்கிறது. கல், இறந்தவனின் பெயரைச் சொல்கிறது. தென்கோடித் தமிழ்நிலத்தின் போர் வரலாற்றில் ஒரு சாமானியப் படைவீரன் தன் பெயரோடு நிற்கும் மிக அரிய இடங்களுள் இது ஒன்று.

இது தனித்த நிகழ்வன்று. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் எடுக்கும் படிநிலைகளை வகுத்துள்ளது. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துடைய நடுகல், ஆநிரைப் பூசலில் இறந்தவனைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. செங்கம், தருமபுரி வட்டாரங்களின் பல்லவர் கால நடுகற்கள் ஆட்சியாண்டு, ஊர், தலைவன், பூசலின் காரணம், பட்டவன் பெயர் என ஒரு நிலைத்த வாய்பாட்டையே பின்பற்றுகின்றன. எடுத்தனூர் நடுகல் ஒருபடி மேலே சென்று, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்திருக்கிறது. நாய்க்கும் பெயர் உண்டு என்று கருதிய ஒரு மரபு அது.

கல் நடுவதோடு கடமை முடிந்ததாக அச்சமூகம் எண்ணவில்லை என்பதே கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. பட்டவனின் குடும்பத்துக்கு வழங்கிய நிலம் ‘நெய்த்தோர்பட்டி’ எனப்பட்டது. நெய்த்தோர் என்றால் குருதி. பிற்காலத்தில் அதுவே உதிரப்பட்டி, இரத்தக்காணி, இரத்தமானியம் எனப் பெயர் மாறித் தொடர்ந்தது. வழங்கியவர் பல வேளைகளில் பேரரசர் அல்லர். ஊராரோ உள்ளூர்த் தலைவனோதான். இதை மிகையாகப் போற்றுவதும் பிழையாகும். இறந்த எல்லோருக்கும் கல் எடுக்கப்படவில்லை. கல் எடுக்கப்பட்ட எல்லோருக்கும் நிலம் கிடைத்ததாகவும் சான்றில்லை. எனினும் நினைவும் வாழ்வாதாரமும் ஒரே கடனின் இரு கூறுகள் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

விழிஞத்துக்குத் தெற்கே, அதே கரையில், 1741இல் குளச்சல் போர் நிகழ்ந்தது. மார்த்தாண்டவர்மனின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை வென்றது. பழைய நாட்காட்டியில் அது ஜூலை 31. புதிய கணக்கில் ஆகஸ்டு 10. தோற்றுச் சிறைப்பட்ட டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். வென்ற தரப்பில் மடிந்தவர்களுக்கு அப்படியொரு கல் வாய்க்கவில்லை. குளச்சலில் நிற்பது வெற்றித்தூண். திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் ஜூலை 31ஆம் நாள் அங்கு வந்து மரியாதை செலுத்துகின்றனர். 1956 நவம்பர் 1 முதல் அத்தூண் தமிழ்நாட்டிலும், பாறசாலையும் அம்பூரியும் விழிஞமும் கேரளத்திலும் அமைந்துவிட்டன. படையின் நினைவு மட்டும் அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை.

பெயரின் இடத்தை எண் பிடித்துக்கொண்டது முதல் உலகப்போரின்போது. 1914 முதல் 1919 வரையிலான பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று ஆங்கில அரசு பல ஊர்களில் கல் பதித்தது. நடுகல் பிறந்த மண்ணிலேயே நாட்டப்பட்ட இக்கல்லில் தொகை உண்டு, ஆள் இல்லை. 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் பாஸ்ரா நினைவிடத்திலும் பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. ஏனைய இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாயினர். பதவி, இனம், சமயம் பாராது அனைவரையும் சமமாக நினைவுகூர்வதே 1917இல் தொடங்கிய போர்க்கல்லறை ஆணையத்தின் கொள்கை. அக்கொள்கை மீறப்பட்டதை ஆணையமே 2021இல் ஏற்றுக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் எனவும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை எனவும் அதன் சிறப்புக் குழு கணித்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் இந்தியரும் மேற்காசியரும் ஆவர்.

விடுதலை பெற்ற இந்தியா பெயருக்குத் திரும்ப நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1972 ஜனவரி 26இல் இந்தியா கேட்டின் கீழ் ஏற்றிவைக்கப்பட்ட அமர் ஜவான் ஜோதி பெயரற்ற வீரனுக்கானது. 2019 பிப்ரவரி 25இல் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் தியாகச் சக்கரத்தில்தான் 25,942 பெயர்கள் கருங்கல்லில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. விழிஞத்தை அடுத்த வெங்ஙானூரைச் சேர்ந்த பீரங்கிப் படைக் கேப்டன் ஜெரி பிரேம்ராஜ், 1999 ஜூலையில் கார்கில் போரில் இறந்து வீர் சக்ரா பெற்றவர். இரணகீர்த்தி பொருத அதே கடற்கரை வட்டாரம் அது. ஆண்டுதோறும் ஜூலை 26 அந்தப் போரின் நினைவுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பெயர் கல்லுக்கு வந்துவிட்டது. நெய்த்தோர்பட்டியின் மறுபாதியான குடும்பத்தின் நிலை அத்தனை நேர்கோட்டில் செல்லவில்லை. 1949 முதல் டிசம்பர் 7இல் கொடிநாள் நிதி திரட்டப்படுகிறது; குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஆனால் வீர விருதோடு இணைந்த மாதாந்திரப் படியில் ஒரு விதி நெடுங்காலம் நீடித்தது. விருதாளர் இறந்தபின் அப்படி அவர் மனைவிக்குச் சேரும். அவர் மறுமணம் செய்தால் நின்றுவிடும். இறந்தவரின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டும் தொடரும். கொடை பட்டவனுக்காகவே எனினும், அதைப் பெறும் பெண் அவன் குடிக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற பழைய எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் அரசாணைக்குள்ளும் குடியிருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் அந்நிபந்தனையை நீக்கியது 2017 நவம்பரில். அப்போது கார்கில் போர் முடிந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.