விண்ணின் குரல்கள் – 14: ஹார்ன்ஸ்பியின் காகிதச் சுருள்கள்

வியாழனின் அயோ நிலவின் கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குமுன் ஒருவரைப் பார்த்துவிடுவோம். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1955-இன் தொடக்கம். மேரிலாந்தில் 96 ஏக்கர் வயலில் விரித்த கம்பி ஆன்டெனாவை நண்டு நெபுலாவின் பக்கம் திருப்பியிருந்தார்கள் வானொலி வானியலாளர்களான பர்க்கும் பிராங்க்ளினும். நெபுலா கடக்கும்போது பதிவுமுள் தாளில் வழவழப்பான ஒரு மேட்டை வரையும். சில இரவுகளில் அதன் பக்கத்திலேயே முள் தாறுமாறாகக் குதித்திருந்தது. இரவில் வீடு திரும்பும் பண்ணையாள் ஒருவனின் கார் எஞ்சின் கிளப்பும் கரகரப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்தச் சத்தம் நாளுக்கு நான்கு நிமிடம் வீதம் முன்தள்ளி வந்துகொண்டிருந்தது. விண்மீன்கள்தான் அப்படி உதிக்கும்; ஆக, சத்தம் வானத்திலிருந்துதான் வந்தது. சத்தம் வந்த இடங்களைத் தேதிவாரியாகக் குறித்து, அதன்மேல் வியாழன் நகர்ந்த பாதையை வரைந்து பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது. வியாழனிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்று ஏப்ரல் 6 அன்று பிரின்ஸ்டனில் அறிவித்தார்கள்.

இனி நம் நாயகர். சிட்னிக்கு அருகே ஹார்ன்ஸ்பி பள்ளத்தாக்கில் 1950-51-லேயே 18.3 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வான் இரைச்சலைப் பதிவு செய்தவர் அலெக்ஸ் ஷெய்ன். அமெரிக்கச் செய்தி எட்டியதும் அந்தப் பழைய பதிவுகளை எடுத்துப் பிரித்தார். வியாழன் அங்கே இருந்தது! பூமியின் இடையூறு என்று ஒதுக்கப்பட்டு, நான்கு ஆண்டுகளாக அவர் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

எனக்கு நெஞ்சு அடைக்கும் இடம் இது. கைக்கு வந்த கண்டுபிடிப்பு நழுவிப் போய்விட்டது. மனிதர் இடிந்து உட்காரவில்லை. ஒவ்வொரு இரைச்சல் வெடிப்பு வந்தபோதும் வியாழனின் எந்த முகம் நம் பக்கம் இருந்தது என்று கணக்கிட்டார். பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கிற கோள் அது. குறிப்பிட்ட ஒரு பக்கம் திரும்பும்போதுதான் இரைச்சல் பெருகியது. கோள் முழுதும் ஒரே சீராகக் கத்தவில்லை, ஒலிக்கு ஓர் இடம் உண்டு என்று பழைய தாளிலிருந்தே காட்டிவிட்டார். முதலில் கேட்டவர்களை உலகம் கொண்டாடட்டும். என் ஓட்டு ஷெய்னுக்குத்தான்.

1964-இல் பிக் என்ற இன்னொரு ஆஸ்திரேலியர், அயோ தன் பாதையில் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அந்த வெடிப்புகள் பல வருகின்றன என்று கண்டார். ஷெய்னுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நாற்பதைத் தொடுமுன், 1960-லேயே காலமாகிவிட்டார்.

அயோவுக்கு அடுத்த வாரம் போவோம்.